சரிவந்த பிறகு சொல்லுவம்

மகள்,

பெட்டி அடுக்குவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதை வாசி. நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீயும் நானும் நேரில் பேசத் தொடங்கினால் மூன்றாவது வசனத்தில் நீ "அம்மா, உங்களுக்கு இது விளங்காது" என்பாய், நான்காவது வசனத்தில் நான் நீ வைக்கும் பருப்பைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்குவேன். அப்படியே பேச்சு எங்கோ போய்விடும். எழுத்தில் நீ என்னை இடைமறிக்க முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் பேனையை எடுத்தேன்.

வருகிற திங்கட்கிழமை நீ ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேருகிறாய். என் மகள் கணினிப் பொறியியலாளர் என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், சிரிக்காதே. அப்பா ஆஸ்பத்திரிக் குசினியில் தன்னோடு சமையல் வேலை செய்கிற எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டு, பிறகு பயந்து, வாங்காமல் திரும்பி வந்தார். எங்கள் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது நீ கவிதாவோடு தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது. "எனக்கும் இன்னும் ஒண்டும் சரிவரேல்ல கவிதா. ஸ்டுட்கார்ட்டில சித்தி வீட்டில இருந்து தேடிப் பாக்கப் போறன்" என்றாய். நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அந்த நேரம் உன் பைக்குள் இருந்தது.

கவிதாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்துபோனது மாதிரி இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து தனியாக ஆஹெனுக்குப் படிக்க வந்த பிள்ளை. இரண்டு நத்தார் விடுமுறைக்கும் போக இடமில்லாமல் நம் வீட்டில் வந்து நின்றவள். "ஆன்ட்டி, நீங்க ஓம் ஓம்னு சொல்றப்ப யாரோ பூஜை பண்ற மாதிரியே இருக்கு" என்று என்னைக் கேலி செய்தவள். உன் கடைசி ஆராய்ச்சி வேலை ஓடாமல் நின்று, நீ அழுதுகொண்டு என்னோடு பேசிய அந்த வாரம், தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு உன் பக்கத்தில் இருந்து பிழையைத் தேடிக் கண்டுபிடித்தவள். படிப்பு முடிந்தபின் வேலை தேட அவளுக்கு இந்த நாடு கொடுத்த தவணை மார்கழியோடு முடிகிறது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அவள் விமானம் ஏற வேண்டியதுதான்.

தொலைபேசியை வைத்ததும் உன்னைக் கேட்டேன்.

"ஏன் அவளுக்குச் சொல்லேல்ல?"

"முதல் நான் போய் இருந்து பாக்கிறன் அம்மா. ஆறு மாச சோதனைக்காலம் முடியட்டும்."

"உன்ர வேலையிடத்து ஆக்கள் இன்னொரு ஆளும் தேடினம் எண்டு நீதானே சொன்னனி?"

"தெரிஞ்ச ஆக்கள் இருந்தாப் பேர் தாங்கோ எண்டு கேட்டவைதான். யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான். எல்லாம் சரிவந்த பிறகு சொல்லுவம் அம்மா."

நான் திரும்பிப் போய் மிச்ச வெங்காயத்தை வெட்டினேன். உன்னில் கோபம் இல்லை, பிள்ளை. அந்த வசனம் என்னுடையது. நான் உனக்குப் பாலோடு சேர்த்து ஊட்டியது.

உனக்கு நினைவிருக்கும். ஆஹெனில் உனக்கு இடம் கிடைத்த வருடம் இங்கே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனோம். கால்வாய்க் கரையில் வைத்து, தெரிந்த ஒரு அக்கா "மகள் என்ன செய்யப் போறா?" என்று ஆசையாகக் கேட்டார். கடிதம் வந்து மூன்று கிழமை. நான் "பாப்பம் அக்கா, இன்னும் ஒண்டும் தெரியேல்ல" என்றேன். நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாய், நான் உன் கையைத் தட்டிவிட்டேன். நாவூறு படும் என்ற பயம். பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்துகிற ஜிம்னாசியம் பள்ளிக்கூடத்துக்கு நீ தெரிவானபோதும் அப்படித்தான், அப்பாவுக்கு வேலை நிரந்தரமானபோதும் அப்படித்தான். இந்தப் பழக்கத்தை நான் முழுக்கப் பழிக்கவும் மாட்டேன். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்து சேர்ந்திருக்க மாட்டோம். இங்கே வந்தபின் அகதி வழக்கு முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாயை மூடி உயிர் தப்பியவர்களுக்கு, ஆபத்துப் போன பிறகும் வாயைத் திறக்கத் தெரிவதில்லை. நான் அப்படித்தான் இருந்தேன். அதனால் ஒருத்திக்கு நான் செய்ததை இதுவரை உனக்கோ அப்பாவுக்கோ சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கணினி வேலைக்கு ஆளில்லை என்று இந்த நாடு கூப்பாடு போட்ட காலத்தில்தான் நான் துடைப்பத்தை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் சண்டையால் பல்கலைக்கழகம் போகாமல் விட்டவள். வேலைக் கந்தோர் அனுப்பிய இரண்டு வருட மறுபயிற்சியில் என் பிள்ளை வயதுப் பையன்களோடு இருந்து படித்தேன். உனக்கு அப்போது பதினாறு பதினேழு வயது, நீதான் எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தந்தாய், அதைவிட அதிகமாக ஏசவும் ஏசினாய். பிறகு பான் நகரத்தில் அந்தச் சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரித் தாதிகளுக்கு வேலைநேரம் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் செய்கிற இடம். அது ஒழுங்காக ஓடுகிறதா, எங்கே பிழைக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை.

சேர்ந்து இரண்டாவது மாதம், குளிர்காலத்துக்காக இந்த நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்கிற தாதிக்கு மென்பொருள் ஒரு மணித்தியாலத்தை விழுங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டெபானுக்குக் காட்டினேன். கூட்டத்தில் ஸ்டெபான் அதைச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவனுக்கு வாய் இருந்தது, எனக்கு இல்லை. பிரிவுத் தலைவர் ஹெர் பிராண்ட் "அருமை ஸ்டெபான்" என்று அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். அப்போது மேசையின் மற்ற முனையிலிருந்து, அதுவரை என்னோடு ஒரு வார்த்தையும் பேசியிராத ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"அதைக் கண்டுபிடிச்சது ஸ்டெபான் இல்லை, ஹெர் பிராண்ட். அவருக்குப் பக்கத்தில இருக்கிறவா. போன செவ்வாய்க்கிழமை இவா திரையில காட்டினதை நான் கண்டனான்."

அவள் ஜெர்மனில்தான் சொன்னாள். எனக்கு அவளுடைய பேச்செல்லாம் எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். அவள் பெயர் மரிசோல். பெரு நாட்டுக்காரி, என்னைவிட ஆறு வயது இளையவள், என்னைப்போலவே சோதனைப் பிரிவு. கூட்டம் முடிந்து நான் நன்றி சொல்லப் போனபோது அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "புதன்கிழமை எங்களோட சாப்பிட வாரும்" என்றாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை உணவுக்கூடத்தின் மூலை மேசையில் மரிசோலும், கொலம்பியாக்காரி யொலாண்டாவும், அதே கட்டிடத்தில் வேறு நிறுவனங்களில் வேலை செய்கிற இன்னும் இரண்டு பெண்களும் இருப்பார்கள். எல்லோரும் கணினி வேலை, எல்லோரும் தென்னமெரிக்கா பக்கம். என்னையும் பிட்டுப் பெட்டியோடு நடுவில் இருத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் முழுக் கட்டிடமும் என்னையும் அந்தப் பக்கத்து ஆள் என்றே நினைத்துவிட்டது, புதிதாக வந்த ஒருவர் என்னிடம் ஸ்பானிய மொழியில் சுகம் விசாரித்தார். நானும் வாங்கின மரியாதையை விடுவானேன் என்று தெரிந்த நாலு சொல்லில் பதில் சொன்னேன். யொலாண்டா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தாள்.

அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கூட்டத்தில் ஒருத்தியின் வேலையை இன்னொருத்திதான் பெயர் சொல்லி எடுத்துச் சொல்வாள். தன் வேலையைத் தானே சொன்னால் பெருமை அடிக்கிறாள் என்பார்கள், மற்றவள் சொன்னால் கேட்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. எங்காவது இடம் காலி என்று யாருக்குத் தெரிந்தாலும் அது புதன்கிழமை மேசைக்கு வந்துவிடும். யாரும் விண்ணப்பத்தை மேசையில் வாசித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. என்னுடைய பழைய விண்ணப்பத்தை ஒருநாள் யொலாண்டா வாங்கிப் பார்த்தாள். 'இதில் உதவினேன், அதில் உதவினேன், அங்கேயும் கொஞ்சம் உதவினேன்' என்று எழுதி வைத்திருந்தேன். "நீர் என்ன, அம்புலன்ஸோ?" என்று கேட்டாள். மரிசோல் பேனையை எடுத்து 'உதவினேன்' என்ற சொல்லை ஒவ்வொன்றாக வெட்டி 'செய்தேன்' என்று எழுதினாள். பதினோரு இடத்தில். செய்தது நான்தானே என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டு வருடம் கழித்து, நீ ஆஹெனுக்குப் போன பிறகு, சோதனைப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் தேவை என்று அறிவித்தார்கள். நிரந்தர வேலை. நான் வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னேன். "போடும். ஆனா ஒருத்தருக்கும் வாய் திறக்காதையும். சரிவந்த பிறகு சொல்லுவம்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். விண்ணப்பத்தைக் கொடுத்து மூன்று நாள். புதன்கிழமை மேசையில் மரிசோல் கேட்டாள்:

"நான் போடலாமெண்டு இருக்கிறன். நீர் போடேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை அது. அடுத்த வீட்டில் சாப்பிடச் சொல்லிக் கேட்டால் பசியோடு இருந்தாலும் "இப்பதான் சாப்பிட்டனான்" என்று வருமே, அப்படித் தானாக வந்தது. வந்த பிறகு திருப்பி எடுக்க நிறைய நேரம் இருந்தது. எடுக்கவில்லை. அவளுடைய ஒப்பந்தம் அடுத்த சித்திரையில் முடிகிறது, வேலை இல்லாவிட்டால் அவளுக்கு இங்கே இருக்க அனுமதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு அப்போது விசாப் பிரச்சினையெல்லாம் முடிந்து கையில் ஜெர்மன் கடவுச்சீட்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை யொலாண்டாவின் குசினியில் மரிசோலுக்கு நேர்முகத்துக்குப் பயிற்சி. ஹெர் பிராண்ட் மாதிரி கேள்வி கேட்க என்னை இருத்தினார்கள், அவரைப்போல மூக்குக்கண்ணாடியை உயர்த்தி உயர்த்திக் கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கேள்வி: உன்னைவிட மூத்த நிரலாளர் ஒருவர் தன் வேலையில் பிழையே இல்லை என்று நிற்கிறார், நீ இருக்கிறது என்கிறாய், என்ன செய்வாய்? மரிசோல் யோசித்துச் சொன்னாள். "பிழை எண்டு சொல்லமாட்டன். அவரின்ர மேசைக்குப் போய், ஒரு தாதி செய்யிற வேலையை அவரின்ர கையாலயே செய்து காட்டச் சொல்லுவன். அவரே கண்டுபிடிப்பார். அறிக்கையையும் அவரையே எழுத விடுவன்." எவ்வளவு அழகான பதில். நான் மனதுக்குள் அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

நேர்முகம் எனக்குக் காலையில், அவளுக்குப் பின்னேரம். ஹெர் பிராண்ட் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் மரிசோலின் பதிலைச் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல். அவர் தாளில் குறித்துக்கொண்டார். பின்னேரம் மரிசோல் அதே பதிலைச் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டு "இதை இன்றைக்குக் காலையிலேயே ஒருவரிடம் கேட்டுவிட்டேனே" என்றாராம், யொலாண்டா பிறகு சொன்னாள். அது தன்னுடைய பதில் என்று அவள் அங்கே சொல்லவில்லை. என் பெயரையும் எடுக்கவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. அதைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். மரிசோல்தான் முதலில் பேசினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிழையிலிருந்து தொடங்கி நான் இரண்டு வருடத்தில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெளியே வந்து அவளிடம் ஏதோ சொல்லப் போனேன், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உமக்குக் கிடைச்சதில எனக்கு வருத்தமில்லை. நீரும் போட்டனீர் எண்டு சொல்லியிருந்தா, அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை உமக்கும் பயிற்சி தந்திருப்பம். ரெண்டு பேரும் போயிருப்பம். நீர் என்னைத் தனிய விட்டிட்டீர், அதுதான்."

இதைவிட அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் என் பெரிய பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. நான் பொறுப்பாளர். அவளுடைய ஒப்பந்தத்தை நீடித்துக் கொடுங்கள் என்று ஹெர் பிராண்டிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அதைப் பற்றி அவளோடும் பேச வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வெட்கத்தில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன், சித்திரை வந்துவிட்டது. அவள் வேறு இடத்திலும் தேடினாள், சரிவரவில்லை. ஊருக்குத் திரும்பிப் போனாள். என்னால் மட்டுமில்லை என்று யொலாண்டா சொல்வாள். எனக்குத் தெரியவில்லை. வழியனுப்பக்கூட நான் போகவில்லை.

புதன்கிழமை மேசைக்கும் போகாமல் நின்றுவிட்டேன். ஒரு மாதம் பொறுத்து யொலாண்டா என் அறைக்கு வந்தாள். "வெக்கப்பட்டது போதும், வாரும். கீழ்மாடியில ஒரு உக்ரைன் பெட்டை வேலை தேடுறாள், விண்ணப்பம் முழுக்க உதவினேன் உதவினேன் எண்டு கிடக்கு, இருந்து வெட்டும்" என்றாள். போனேன். அன்றிலிருந்து ஒரு புதன்கிழமையும் விட்டதில்லை. எத்தனை பிள்ளைகளின் விண்ணப்பங்களை வெட்டித் திருத்தியிருப்பேன். அவர்களில் நாலு பேர் இன்று என்னோடு வேலை செய்கிறார்கள். நான் திருந்திவிட்டேன் என்று காட்ட இதை எழுதவில்லை. வெளியில் அவ்வளவும் செய்துவிட்டு, வீட்டில் உன் காதில் பழைய பாட்டையே பாடியிருக்கிறேன் என்பதற்காக எழுதுகிறேன்.

நீ கவிதாவின் பெயரைக் கொடுத்தால் உன் இடம் போய்விடும் என்று பயப்படுகிறாய். அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி, அதுவும் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் வந்தால் உன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கிறாயோ? என் கண்மணி, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நான் அந்தக் கதிரையில் நாலு வருடம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பக்கத்தில் பேச ஒரு மரிசோல் இல்லாமல், கூட்டத்தில் உன் வேலையைச் சொல்ல ஒரு வாய் இல்லாமல் தனியே இருப்பது பெரிய கஷ்டம். நாவூறு பட்டால் படட்டும். நான் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிடுகிறேன், அதற்குத்தானே அம்மா இருக்கிறேன்.

இன்னுமொன்று. ஞாயிற்றுக்கிழமை உன் பேச்சைக் கேட்டபின் என்னால் இருக்க முடியவில்லை. யொலாண்டாவிடம் முகவரி வாங்கி மரிசோலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். நீர் கேட்ட அன்று என் விண்ணப்பம் போய் மூன்று நாள் ஆகியிருந்தது, உம்முடைய பதிலை நான் திருடினேன், உமக்காக ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அலுவலகத்தில் இருந்து வாசித்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் எழுதியதை உனக்குத் தமிழில் தருகிறேன்.

"பதில் ஆர் சொன்னது எண்டு எனக்கு அந்தப் பின்னேரமே தெரியும். நீர் எப்ப சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். நாலு வருசம் எண்டது கொஞ்சம் கூடத்தான். நான் இப்ப லீமாவில வேலை செய்யிறன், இஞ்சயும் ஒரு புதன்கிழமை மேசை இருக்கு. உம்மட மகள் இப்ப படிச்சு முடிச்சிருப்பாளே? வேலை தேடுறாள் எண்டா விண்ணப்பத்தை எனக்கு அனுப்பும், திருத்தி விடுறன். அந்தப் பக்கம் எங்கட ஆக்கள் நிறைய இடத்தில இருக்கினம், சொல்லி விடலாம். அவளோட படிச்ச பெட்டையள் வேற ஆரும் தேடினமோ? அதையும் எழுதும்."

நான் கெடுத்த ஒருத்தி, என் மகளுக்கு வேலை தேடித் தரக் கேட்கிறாள், பார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் எழுதினேன். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது என்று, உன்னைக் கேட்காமலே எழுதினேன். அப்பாவைக்கூடக் கேட்கவில்லை. மற்றக் கேள்விக்கு இன்னும் எழுதவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கவிதா உன் பெட்டிகளைத் தூக்கிவிட வருகிறாள். அதுவரை பொறுத்திருப்பேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது உன் வாய், அதை நான் பறிக்கமாட்டேன். ஆனால் அவள் போன பிறகு நான் இருந்து மரிசோலுக்கு ஏதாவது எழுதியாக வேண்டும். அவள் கேட்டதற்கு ஒரு தரம் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தரம் சொல்ல எனக்கு ஏலாது, பிள்ளை.

அம்மா